மச்சானுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது?

'டேய் மச்சான், எங்கடா இருக்க?' இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் 'வேர் ஆர் யூ' சட்டென்று வந்துவிடும். மச்சான் மட்டும் தொண்டையிலேயே நின்றுவிடுவான். அகராதியைப் புரட்டினால் நண்பனுக்கு நேரே ஃபிரண்ட், மேட், பேல், படி, சம், குரோனி, கம்பேனியன், காம்ரேட் என்று ஒரு பட்டியல் இருக்கும். எல்லாமே ஒரே பொருள் தருவதுபோலத் தெரியும். அதில் கைக்கு வந்ததை எடுத்து ஆளைக் கூப்பிட்டால், எதிரில் இருப்பவர் சிரிப்பார், அல்லது முறைப்பார், சில நேரம் சங்கடப்பட்டு விலகிப் போவார். சொல்லில் பிழை இருக்காது. அந்தச் சொல்லை யார், யாரிடம், எந்த ஊரில், எந்தத் தொனியில் சொல்வார்கள் என்பது அகராதியில் இல்லை என்பதுதான் சிக்கல்.

முதலில் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'பேல்' என்று நான் எழுதுவது பேனா நட்பைப் பென்பேல் என்கிறோமே, அந்தப் பேல். 'பால்' என்று எழுதினால் பசும்பால் ஆகிவிடும். 'படி' என்பதைப் புத்தகத்தைப் படி என்பதுபோல மெல்லிய டகரத்தோடு, முதல் எழுத்தை அழுத்திச் சொல்லுங்கள்; அமெரிக்கர்கள் நண்பனை அழைக்கும் சொல் அது. 'பட்டி' என்று டகரம் இரட்டித்தால் அது வேறு சொல், சுரங்கத்திலிருந்து வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

தமிழர் அதிகம் தடுக்கி விழும் இடம் விளி. நம் இலக்கணம் விளியை எட்டாம் வேற்றுமை என்று தனியாகவே வைத்திருக்கிறது. நண்பன், நண்பா; தோழன், தோழா. ஆங்கிலத்தில் இப்படி வடிவம் மாறாது. அதற்குப் பதில் சொல்லே மாறும். சில சொற்கள் ஒருவரைப் பற்றிப் பேசத்தான், சில நேரே கூப்பிடத்தான். ஃபிரண்ட் முதல் வகை. 'ஹி இஸ் மை ஃபிரண்ட்' சரி. நேரில் பார்த்து 'ஹலோ ஃபிரண்ட்' என்றால் அது சுற்றுலாத் தலத்தில் வெள்ளைக்காரரைக் கடைக்கு அழைக்கும் வியாபாரியின் குரலாகக் கேட்கும். 'நோ, மை ஃபிரண்ட்' என்று அழுத்திச் சொன்னால் சண்டைக்கு முந்தைய குளிர்ச்சி அதில் இருக்கும். மேடையில் 'ஃபிரண்ட்ஸ்' என்று பன்மையில் தொடங்குவது மட்டும் நம் 'நண்பர்களே' போலவே இயல்பானது. 'நண்பா' என்பதை அப்படியே பெயர்த்து ஃபிரண்ட் என்று அழைப்பதுதான் நம்மவர் ஆங்கிலத்தில் நான் அடிக்கடி காணும் பிழை. கூப்பிட உதவுபவை மேட், படி, பேல், டூட், ப்ரோ. பெஸ்டி, கம்பேனியன், குரோனி போன்றவை ஒருவரைப் பற்றிச் சொல்ல மட்டும்.

இந்தச் சொற்களின் வேரைத் தோண்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நாம் நெருங்கிய நண்பனை உறவுக்காரன் ஆக்கிவிடுகிறோம்: மச்சான், மாப்ள, பங்காளி, அண்ணே, தம்பி. ஆங்கிலம் பெரும்பாலும் வேறு வழியில் போயிருக்கிறது. எதையோ பங்கிட்டுக்கொண்டவனே அங்கே நண்பன். கம்பேனியன், லத்தீனில் 'உடன்' என்பதும் 'ரொட்டி' என்பதும் சேர்ந்த சொல்; ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்றவன். கம்பெனி என்று நாம் தினமும் சொல்வதும் அதே ரொட்டியிலிருந்து வந்ததுதான். காம்ரேட், ஸ்பானிய மொழியில் அறையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஒரே அறையில் படுத்தவன். சம் என்பதும் அறைதான்: 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் அறைத்தோழனைக் குறிக்கும் நீண்ட சொல்லைச் சுருக்கி இப்படிச் சொன்னதாகக் கருதுகிறார்கள். ஃபெலோ, வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அதன் முற்பாதிக்குக் கால்நடை, பணம் என்று பொருள். ஒரு தொழிலில் சேர்ந்து பணம் போட்டவர்கள் ஃபெலோக்கள். நம் பங்காளியும் சொத்தில் பங்குள்ளவன்தானே! உறவுச் சொற்களின் நடுவே இது ஒன்று மட்டும் ஆங்கிலத்தின் வழியில் யோசித்திருக்கிறது.

மேட் என்பதும் சோற்றுக் கணக்குதான். கீழ் ஜெர்மானிய மொழியில் 'சேர்ந்து உண்பவன்' என்ற பொருளில் இருந்து, 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. இன்று இறைச்சியை மட்டும் குறிக்கும் மீட் என்ற சொல் அன்று எல்லா உணவையும் குறித்தது. மேட்டும் மீட்டும் ஒரே குடும்பம். கப்பலில் ஒரே பந்தியில் உண்டவர்கள் மெஸ்மேட்டுகள். பிறகு வகுப்பில் கிளாஸ்மேட், அறையில் ரூம்மேட் என்று கிளை விட்டது. சதுரங்கத்துச் செக்மேட்டை மட்டும் இதில் சேர்க்காதீர்கள்; அது அரசன் மாட்டிக்கொண்டான் என்ற பாரசீகத் தொடர், நட்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தியாவில் இந்தச் சொல் இன்னொரு பாதையிலும் நடந்திருக்கிறது. 100 நாள் வேலைத் திட்டத்தில் பணியிடத்தை மேற்பார்க்கிறவருக்கு விதிமுறைகள் வைத்த பெயர் மேட்தான்.

இன்று மேட் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும்தான் உயிரோடு இருக்கிறது. அமெரிக்காவில் அந்தச் சொல் இணைசேரும் விலங்கின் ஜோடியையே முதலில் நினைவூட்டும். அங்கே ஒருவரைக் காட்டி 'ஹி இஸ் மை மேட்' என்றால் விளக்கம் சொல்ல வேண்டிவரும். ஆஸ்திரேலியாவிலோ அது கிட்டத்தட்ட தேசியச் சொல். 1999இல் அரசியலமைப்புக்கு முகவுரை எழுத முயன்றபோது பிரதமர் ஜான் ஹோவார்ட் அதில் 'மேட்ஷிப்' என்ற சொல்லைச் சேர்க்க விரும்பினார். எதிர்ப்பு வந்ததால் அதை எடுத்துவிட்டார். அந்த நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் முகவுரையே தோற்றது. 2005இல் கான்பெரா நாடாளுமன்றக் கட்டடத்தின் பாதுகாவலர்கள் வருவோரை 'மேட்' என்று அழைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். நாடே கொதித்தது, ஒரே நாளில் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு விளிச்சொல்லுக்காக இவ்வளவா என்று தோன்றலாம். வேலைக்காரனும் முதலாளியும் ஒரே உயரத்தில் நிற்கிறார்கள் என்பதை அந்த ஓரசைதான் அங்கே சொல்கிறது. அதைத் தடுத்ததும் கோபம் வந்ததில் எனக்கு வியப்பில்லை.

மேட் சொல்வதில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, வாக்கியத்தில் அது எங்கே வருகிறது. 'தேங்க்ஸ், மேட்', 'நோ வொரீஸ், மேட்' என்று கடைசியில், குரல் தணிந்து, விரைவாக வந்தால் அது சாதாரண நட்பு. பேருந்து ஓட்டுநரிடமும் சொல்லலாம். முதலில் வந்து உயிரெழுத்து நீண்டால், 'மேஏஏட்' என்று, அது வியப்பு, அல்லது 'நீயுமாடா' என்ற செல்லக் குறை. இரண்டு, அதோடு ஒட்டி வரும் சொல். 'லுக், மேட்', 'லிசன், மேட்' என்று தொடங்கிக் கடைசி டகரம் வெட்டினாற்போல விழுந்தால் எச்சரிக்கை. மது விடுதியில் முன்பின் தெரியாதவர் 'யூ ஆல்ரைட் தேர், மேட்?' என்று நிறுத்தி நிதானமாகக் கேட்டால் நலம் விசாரிக்கிறார் என்று நினைத்து நெருங்காதீர்கள். நம் 'என்ன தம்பி' நலம் விசாரிக்கவும் மிரட்டவும் பயன்படுவதைப் போலத்தான் இதுவும். நட்பில் சொல்வதும் மிரட்டிச் சொல்வதும் ஒரே சொல் என்பதால், ஆங்கிலம் எழுத்தில் மட்டும் தெரிந்தவருக்கு வித்தியாசம் பிடிபடாது.

இனி பட்டி. தெற்கு வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களில் ஒரு வெட்டுமுகத்தில் இருவர் சேர்ந்து வேலை செய்வார்கள். மூத்தவர் வெட்டுவார், இளையவன், பல நேரம் சிறுவன், அள்ளி வண்டியில் நிரப்புவான். கூலி நாள் கணக்கில் இல்லை, ஏற்றிய கரியின் எடைக்கு. ஒருவர் சுணங்கினால் இருவர் வீட்டிலும் அடுப்பு எரியாது. மேற்கூரையில் விரிசல் கேட்டால் முதலில் கத்த வேண்டியவரும் பக்கத்தில் இருப்பவர்தான். அந்தப் பக்கத்து ஆள்தான் பட்டி. சுரங்கங்கள் மூடிய பிறகும் அந்தப் பள்ளத்தாக்குகளில் நண்பனை 'பட்', 'பட்டி' என்று அழைப்பது நிற்கவில்லை. அதே சொல் இங்கிலாந்தின் மிட்லாந்துச் சுரங்கங்களில் வெறுப்புக்குரியதாக இருந்தது. அங்கே பட்டி என்றால் கங்காணி: முதலாளியிடம் டன்னுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் எடுத்துக்கொண்டு, ஆட்களை வைத்து வேலை வாங்கி, கூலியில் தன் பங்கை எடுத்துக்கொள்பவர். 'பங்கு' என்ற ஒரே கருத்து ஓர் இடத்தில் தோழனையும் இன்னோர் இடத்தில் தரகனையும் பெற்றிருக்கிறது. கால்வாய்களில் எந்திரப் படகு இழுத்துப்போகும் எந்திரமில்லாத இரண்டாம் படகுக்கும் பட்டி என்றுதான் பெயர். உருளைக்கிழங்கு வறுவலை ரொட்டியில் வைத்துத் தின்னும் 'சிப் பட்டி' மட்டும் வெண்ணெயிலிருந்து வந்த வேறு சொல்.

அமெரிக்காவின் 'படி' என்ற சொல் இந்தப் பட்டியின் பேரன் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பிரதரைக் குழந்தை மழலையில் சொன்னது என்று இன்னொரு சாரார். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அது எழுத்தில் வருகிறது. அமெரிக்கத் தந்தை தன் சிறுவனை 'ஹே படி' என்பார்; நம் 'என்னடா ராசா' போன்ற அன்பு. தெருவில் தெரியாதவரை 'ஹே படி' என்றால் பெரும்பாலும் எரிச்சல். அலுவலகத்தில் மேலதிகாரி அப்படி அழைத்தால் அதில் தலையைத் தடவும் தொனி இருக்கலாம். நீங்கள் மேலதிகாரியை அப்படி அழைக்கவே வேண்டாம்.

அந்தச் சொல் பாசமே இல்லாமல் முழுப் பொறுப்பாக மாறிய இடம் ஸ்கூபா நீச்சல். ஆழ்கடலில் இருவர் இருவராகத்தான் இறங்குவார்கள். உங்கள் 'படி', அதாவது உடன் இறங்கும் துணை, அன்று காலை படகில் முதன்முறை பார்த்தவராகக்கூட இருக்கலாம். இறங்குமுன் ஒருவர் மற்றவரின் கருவிகளை ஐந்து கட்டமாகச் சரிபார்க்க வேண்டும். மிதவைச் சட்டையில் காற்று ஏறுகிறதா, இறங்குகிறதா. எடைப் பட்டை அவசரத்தில் சட்டென்று கழலுமா. கொக்கிகள் எங்கே, எப்படி அவிழும். காற்று. கடைசியாக முகமூடி, துடுப்பு, தொங்கிக்கொண்டிருக்கும் குழாய் என்று ஒரு முறை மேலிருந்து கீழ் பார்வை. இதில் உயிரைக் கேட்பது நான்காவது. உருளையின் வால்வு பாதிதான் திறந்திருந்தால் மேலே நிற்கும்போது மூச்சு சரியாகவே வரும். ஆழத்தில் அழுத்தம் கூடி அதிகக் காற்று தேவைப்படும்போது திணறும். அதனால் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே வாய்க்குழாயில் மூன்று நான்கு முறை இழுக்கச் சொல்வார்கள். முள் ஒவ்வொரு இழுப்புக்கும் துள்ளி இறங்கினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் மற்றவரின் உருளையில் உள்ள உபரிக் குழாயில் மூச்சுவிட்டுக்கொண்டு இருவரும் சேர்ந்து மேலேறுவார்கள். ரொட்டியையும் அறையையும் பங்கிட்ட சொற்களின் வரிசையில், மூச்சையே பங்கிடுவது இது ஒன்றுதான்.

பேல், ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமானி மக்களின் மொழியிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அவர்கள் மொழியில் அதற்குச் சகோதரன் என்று பொருள். ரோமானி இந்தியாவிலிருந்து கிளம்பிய மொழி என்பதால் அந்தச் சொல் வடமொழியின் 'பிராத்ரு'வில் போய்ச் சேர்கிறது. ஆங்கிலப் பிரதரும் அந்தக் குடும்பமே. ஆக, பேலும் ப்ரோவும் வெவ்வேறு வழியாக நடந்து வந்து லண்டன் தெருவில் சந்தித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள். கிளாஸ்கோவில் பேல் அன்றாடச் சொல். மற்ற இடங்களில் 'லிசன், பேல்' என்று வந்தால் ஓரடி பின்னால் போவது நல்லது.

ப்ரோவைப் பற்றித் தமிழ்நாட்டில் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நம் ப்ரோ வேறு, அவர்கள் ப்ரோ வேறு. நமக்கு அது ஒரு பழைய சிக்கலைத் தீர்த்த சொல். உணவு கொண்டுவரும் இளைஞரை அண்ணா என்பதா, தம்பி என்பதா என்று வயதை அளக்க வேண்டாம், ப்ரோ போதும். பெண்களும் ஆண்களை, சில இடங்களில் பெண்களையே அப்படி அழைக்கிறார்கள். மரியாதையும் நெருக்கமும் கலந்த, வயது கேட்காத சொல்லாக அது இங்கே ஆகிவிட்டது. அமெரிக்காவில் அது கறுப்பின மக்களின் பேச்சிலிருந்து பரவியது. அங்கே அதில் மரியாதை கிடையாது, சமநிலை மட்டுமே. வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் 'ஹாய் ப்ரோ' என்று எழுதுவது அலட்சியமாகப் படும். 'எ ப்ரோ' என்று பெயர்ச்சொல்லாக வந்தால் திமிரும் கும்பல் புத்தியும் உள்ள ஓர் இளைஞர் வகையைக் குறிக்கும் வசவு. டூட் 1883 வாக்கில் நியூயார்க்கில் பகட்டாக உடுத்துபவரைக் கேலி செய்யப் பிறந்தது. மொழியியலாளர் ஸ்காட் கீஸ்லிங் 2004இல் இதைப் பற்றியே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். இளம் ஆண்கள் 'நாம் ஒன்று, ஆனால் ஒட்டி உறவாடவில்லை' என்று ஒரே மூச்சில் சொல்ல அது உதவுகிறது என்பது அதன் சாரம். பாசத்தை மறைத்துக் காட்டும் இந்த வேலையைத் தமிழில் 'டா' ஒரே எழுத்தில் செய்துவிடுகிறது.

நட்புச் சொற்கள் கெட்டுப்போவதும் உண்டு. குரோனி, நீண்டகாலம் நிலைப்பது என்ற கிரேக்கச் சொல்லை வைத்துக் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பழைய நண்பனுக்கு இட்ட பெயர் என்கிறார்கள். நாட்குறிப்புக்காகவே புகழ்பெற்ற ஆங்கிலேயர் சாமுவேல் பெப்பிஸ் அதில் 1665இலேயே பள்ளித்தோழன் ஒருவனை அப்படிக் குறிக்கிறார். பின்னர் வேண்டியவருக்குப் பதவி கொடுப்பதோடு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. பிலிப்பைன்ஸில் அதிபர் மார்க்கோஸ் ஆட்சியின் சலுகை முதலாளிகளால் 1980களில் 'குரோனி கேப்பிடலிசம்' என்ற தொடர் பரவியது. இன்று ஒருவரின் நண்பர்களைக் குரோனிகள் என்றால் அது குற்றச்சாட்டு. நம் 'கூட்டாளி'க்கு நேர்ந்ததும் இதுவே. சேர்ந்து தொழில் செய்பவர் என்ற நல்ல சொல், 'ரவுடியும் கூட்டாளிகளும் கைது' என்று நாளிதழில் படித்துப் படித்து வேறு நிறம் ஏறிவிட்டது. சைட்கிக் என்றால் கதாநாயகனுக்கு ஒரு படி கீழே நிற்பவர். நண்பரை அப்படி அறிமுகம் செய்தால் அவர் முகம் சுருங்கும்.

சில சொற்களை நான் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்வேன். நெருங்கிய நண்பர் என்பதற்கு 'இன்டிமேட் ஃபிரண்ட்' என்று நம் பள்ளிகளில் கட்டுரை எழுதிப் பழகியிருக்கிறோம். இன்றைய காதில் அது உடலுறவைக் குறிக்கும். 'குளோஸ் ஃபிரண்ட்' போதும். 'பார்ட்னர்' என்று வெறுமனே சொன்னால் வாழ்க்கைத் துணை. கடையில் பங்குதாரர் என்றால் முன்னால் 'பிசினஸ்' சேர்த்தாக வேண்டும். அமெரிக்கப் பெண் தன் தோழியை 'மை கேர்ள்ஃபிரண்ட்' என்பாள், யாரும் தவறாக எடுக்கமாட்டார்கள். ஆண் தன் நண்பனை 'மை பாய்ஃபிரண்ட்' என்றால் காதலன் என்றே பொருள். கம்பேனியனும் எளிதல்ல. 1980களில் அமெரிக்க நாளேடுகளின் இரங்கல் குறிப்புகளில், இறந்த ஆணோடு வாழ்ந்த ஆண் துணைவரை 'நெடுநாள் கம்பேனியன்' என்று குறித்தார்கள். அந்த நிழல் இன்னும் அதில் இருக்கிறது. காம்ரேட், நம் 'தோழர்' போலவே கட்சிச் சொல். நம் தோழரில் ஆண், பெண் பேதமும் இல்லை, மரியாதை விகுதியும் உண்டு. அந்த மரியாதை காம்ரேடில் ஒலிப்பதில்லை.

பிரிட்டனில் ஊருக்கு ஊர் காதில் விழுவதையும் தெரிந்து வைத்திருக்கலாம். இங்கிலாந்தின் வடமேற்கு மூலையான கம்ப்ரியாவில் நண்பன் 'மாரா'. லண்டன் கிழக்குப் பகுதியில் 'சைனா': 'மேட்' என்பதற்கு எதுகையாக 'சைனா பிளேட்' என்று சொல்லி, எதுகையான 'பிளேட்'டை விழுங்கிவிட்டார்கள். கடைக்காரம்மா உங்களை நியூகாசிலில் 'பெட்' என்பார், கிளாஸ்கோவில் பெண்களை 'ஹென்', நாட்டிங்காமில் 'டக்', பிரிஸ்டலில் 'மை லவர்' என்றே அழைப்பார். கடைசியைக் கேட்டுத் திடுக்கிட வேண்டாம், 'கண்ணு' என்பது போலத்தான். ஆனால் திருப்பிச் சொல்லாதீர்கள். அந்த ஊர்க் குரலில் இல்லாவிட்டால் அது நிற்காது.

மச்சானைப் பெயர்க்காமலே விட்ட ஊர்களும் இருக்கின்றன. இலங்கையில் அந்தச் சொல் சிங்களத்துக்குப் போய், அங்கிருந்து இலங்கை ஆங்கிலத்திலும் ஏறிவிட்டது. கொழும்பில் தமிழே தெரியாத இருவர் ஆங்கில வாக்கியத்தின் கடைசியில் 'மச்சான்' போட்டுப் பேசிக்கொள்வார்கள். மலேசியாவில் 'மச்சா' என்று சுருங்கி மலாய்க்காரர், சீனர் வாயிலும் புழங்குகிறது. பெங்களூரில் கன்னட இளைஞர்களிடமும் அதே 'மச்சா'.

மற்ற இடங்களில் என்ன செய்வது என்று கேட்டால், பெயரைச் சொல்லுங்கள் என்பேன். மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட நமக்குக் கூச்சம். மேலதிகாரியை வெறும் பெயரால் அழைக்க நாக்கு எழாது, 'சார்' வந்து விழும். ஆங்கிலம் பேசும் ஊர்களில் பெரும்பாலும் பெயர்தான் நெருக்கத்தின் முதல் படி, பெயரைச் சுருக்குவது இரண்டாம் படி. ஆஸ்திரேலியாவில் டேரன் டாஸா ஆவான், ஷேரன் ஷாஸா ஆவாள், டேவிட் டேவோ ஆவான். பாலசுப்பிரமணியன் என்று அறிமுகம் செய்துகொண்டவரை மூன்றாம் வாரம் யாராவது 'பால்ஸ்' என்று கூப்பிட்டால் பெயரைக் கெடுக்கிறார்களே என்று திருத்தப் போகாதீர்கள். அடுத்த முறை அவர்கள் தேநீர் போடும்போது உங்களுக்கும் ஒரு கோப்பை சேர்த்துப் போட்டிருப்பார்கள்.